சாவி கொடுத்து ஓடும் ரயில்

ஆகஸ்ட் 2, சனி

"இது ஓடாது மேடம்."

என் மகள் வர்ணிகா இன்று என் முன்னால் பேசியது இது ஒன்றுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் மெர்லின் மேடத்திடம் சொன்னாள்.

கோர்ட்டு வளாகத்தில் பிரிந்து வாழும் அப்பா அம்மாக்கள் பிள்ளைகளைச் சந்திப்பதற்கென்று ஓர் அறை இருக்கிறது. நீலப் பாய், குட்டி மேசை, வாளி நிறைய பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திப் பொருத்தி வீடு, கார் எல்லாம் செய்வார்களே, அந்தக் கட்டைகள். மேலே ஏசி, பிரிட்ஜுக்குள் உட்கார்ந்த மாதிரி. அவள் அப்பா தனபால் பிள்ளையைக் கதவு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, நானும்தான் பார்க்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்துப் பார்க்கிறேன். எட்டு வயதுக்கு நல்ல உயரம். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டைகளில் ஒரு ரயில் செய்தாள். எஞ்சின், பின்னால் இரண்டு பெட்டி. "ரயிலா கண்ணு? எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில், அதுவும் மேடத்துக்கு.

மெர்லின் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மொத்தம் ஆறு சனிக்கிழமைங்க. அப்புறம் ஜட்ஜ் அம்மா அவளத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க, காலாண்டு லீவுக்கு அம்மாகிட்டப் போறியான்னு. அவ சொல்றதுதான் முடிவு. வேண்டாம்னு சொல்லிட்டா அதுக்கு மேல நாங்க வற்புறுத்த மாட்டோம்."

"பேட்டரி போட்டு ஓடற ரயில் ஒண்ணு வாங்கிட்டு வரட்டுங்களா?"

"பேட்டரி கூடாது. ஒருத்தர் பேசற பொம்மைக்குள்ள ரெக்கார்டர் வெச்சுப் புள்ளகிட்டக் குடுத்தனுப்பிட்டாரு. அதுல இருந்து பேட்டரி இருக்கற எதையும் உள்ள விடறதில்ல."

சரி, பேட்டரி இல்லாமலே ஓடட்டும். சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில், அவள் தொட்ட அதே கட்டைகளில். ஸ்கூட்டரைப் பார்த்தாலே வேர்த்துக் கொட்டுகிற பெண்களை மெயின் ரோட்டில் ஓட்ட வைத்துச் சோறு சாப்பிடுகிறவள் நான். ஓடாதாம். பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடைவீதிக்குப் போய்க் கட்டைப் பெட்டி பெரியதாக ஒன்று வாங்கினேன். பல்சக்கரம், அச்சு எல்லாம் உள்ளே இருக்கிறது. அட்டையில் "6 வயது முதல் 12 வரை" என்று போட்டிருந்தது. கடைக்காரர் "பையனுக்குங்களா?" என்றார். எனக்கு என்று சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கூடவே சாவி கொடுத்தால் குதிக்கிற தகரத் தவளை ஒன்று. அதன் வயிற்றில் இருக்கிற ஸ்பிரிங்தான் எனக்கு வேண்டும். மத்தியானம் சமையல் கத்தரியை வைத்துத் தவளையைப் பிளந்தேன். பாவம்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

காலை கிளாசில் சரோஜினியக்கா மறுபடி அழுதார். ஐம்பத்திரண்டு வயது, மருமகள் சிரித்தாள் என்ற ரோஷத்தில் ஸ்கூட்டர் பழக வந்தவர். "பின்னால புடிச்சிருக்கீங்கதானுங்க கலாமணி?" என்று பத்தடிக்கு ஒரு தரம் கேட்கிறார். புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன் என்று கத்திக்கொண்டே கூட ஓடுகிறேன். என் முழங்கால் போனதுதான் மிச்சம்.

தவளை ஸ்பிரிங் போதவில்லை. அது குதிக்கப் பிறந்தது, இழுக்கத் தெரியவில்லை. எஞ்சினை மட்டும் ஒரு சாண் நகர்த்தியது. பெட்டியை மாட்டினால் முனகிவிட்டு நின்றுகொண்டது. ஏழெட்டு தடவை செய்து பார்த்தேன். கடைசியில் எஞ்சின் கை தவறிச் சுவரில் பட்டுவிட்டது. கட்டையெல்லாம் சிதறி, ஒன்று சமையலறையில் கிடந்தது. சுவரில் தோள் உயரத்தில் ஓரிடத்தில் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறது. வீட்டுக்காரம்மா பார்ப்பதற்குள் காலண்டரை அங்கே மாற்றி மாட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டாவது சனிக்கிழமை. நான் மட்டுமே பேசினேன். ஸ்கூல், மிஸ், சாப்பாடு, பக்கத்து வீட்டு நாய் என்று கேள்விக்கு மேல் கேள்வி. அவள் மேடத்திடம் மணி கேட்டாள்.

இரட்டைச் சடை போட்டிருந்தாள். வகிடு கோணல், ஒரு சடை மேலே, ஒன்று கீழே. எண்ணெய் நெற்றியில் வழிகிறது. அதைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. அவிழ்த்துத் திரும்பப் பின்னி விடுகிறேன் என்று சடையைத் தொட்டேன். தலையை விலக்கிக்கொண்டாள்.

"அப்பா போட்டது," என்றாள் மேடத்தைப் பார்த்து.

நான் அந்த வீட்டில் இருந்தவரை தனபால் சீப்பைக் கையில் எடுத்ததில்லை. இப்போது சடை பின்னுகிறாராம். நல்ல விஷயம்தான், எனக்கென்ன. திரும்பி வரும்போது இரண்டு சிக்னலைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறவள் செய்கிற வேலையா இது?

ஆகஸ்ட் 13, புதன்

பழைய சாமான் கடையில் சாவி கொடுக்கிற டைம்பீஸ் ஒன்று கிடைத்தது. அலாரத்துக்கென்று தனி ஸ்பிரிங், தனிச் சாவி. தவளை ஸ்பிரிங்கை விட மூன்று மடங்கு வலு. கழற்றும்போது சுருள் பிரிந்து கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு மேலே வேலை பார்த்தேன்.

கட்டைகளை அடுக்கி ஒரு கூடு செய்து, ஸ்பிரிங்கை உள்ளே வைத்துச் சாவி கொடுத்தேன். நாலாவது திருகலில் கூடு வெடித்து நாலு பக்கமும் பறந்தது. வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது எதிரே கொத்தனார் காம்பவுண்டுச் சுவர் எழுப்புவது கண்ணில் பட்டது. கல்லுக்கு நேர் மேலே கல் வைப்பதில்லை. கீழ் வரிசையின் இணைப்பை மேல் வரிசைக் கல் மூட வேண்டும். நான் என்னடாவென்றால் பெட்டி பெட்டியாக நேராக அடுக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் பிரித்து மாற்றி அடுக்கினேன். இப்போது எத்தனை திருகு திருகினாலும் கூடு அசையவில்லை.

ஆனால் விட்டால் பறக்கிறது. பூஜை ஷெல்ஃப் முன்னால் விட்டேன், பிரிட்ஜுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும். சின்னப் பல்சக்கரம் பெரியதைச் சுற்ற வேண்டும், பெரியது அச்சைச் சுற்ற வேண்டும். ஸ்கூட்டரில் மேட்டில் ஏறுகிற கதைதான், வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குவது.

ஆகஸ்ட் 16, சனி

ரயில் இன்னும் முடியவில்லை. அரைகுறையாக எதையும் யாரிடமும் காட்டும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா உனக்கு ஒரு ரயில் செய்யறேன். நிஜமா ஓடும். அடுத்த வாரம் கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டேன்.

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க தீபாவளி முடிஞ்சு ரெண்டு நாள்ல வந்துடறேன்னு சொன்னீங்க."

நீங்க என்கிறாள். எப்போதும் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான்.

அப்படிச் சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சண்டை முற்றிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் வாசலில் நிற்கிற பிள்ளையிடம் ஏதாவது சொல்லத்தான் செய்வோம். அதன்பிறகு வாடகைக்கு வீடு பார்க்க வேண்டியிருந்தது. கிளாஸ் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வக்கீல் "நேரா வீட்டுக்குப் போய்ப் பாக்காதீங்க, கேஸ் கெட்டுப்போகும்" என்றார். இதையெல்லாம் எட்டு வயதுக்கு எப்படிச் சொல்வது?

 கட்டைகளை வாளியில் அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஓடுகிறது!

எஞ்சின், இரண்டு பெட்டி. சிவப்பு, மஞ்சள், பச்சை. அடுப்படியில் விட்டால் கடகடவென்று ஹாலைத் தாண்டி வாசல் நிலைப்படியில் போய் முட்டுகிறது. அச்சு உரசுகிற சத்தம் கொஞ்சம் இருந்தது. காங்கேயத்தில் அண்ணன் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறார். அங்கிருந்து வந்த தேங்காய் எண்ணெயை அச்சுக்கும் பல்சக்கரத்துக்கும் தாராளமாக விட்டேன். எங்கள் வீட்டில் தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், கதவு கிரீச்சிட்டாலும் அதுதான். சத்தம் போய் வெண்ணெய் மாதிரி ஓடியது.

அண்ணன் எண்ணெய் டின்னோடு வந்தவர் ஒரு மணி நேரமாகச் சேரில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, புள்ள ஜட்ஜுகிட்ட ரயிலப் பாத்தா சொல்லப்போவுது?"

"ஓடாதுன்னு சொன்னாளுங்கண்ணா. ஓடும்னு காட்டோணும். அவ்வளவுதான்."

"உன்ற வீம்பு இருக்குதே," என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு இன்னொரு தடவை சாவி கொடுக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 23, சனி

சீக்கிரமே போய்விட்டேன். வாசலில் போலீஸ்காரம்மா ரயிலைத் தலைகீழாகப் பிடித்துப் பேட்டரி இருக்கிறதா என்று தேடினார். சாவியைக் காட்டினேன். "அட" என்று ஒரு தரம் திருகிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

தனபால் வண்டி பஞ்சராம், பிள்ளை வர அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை மேசையின் நட்ட நடுவில், ஏசிக்கு நேர் கீழே, ரயிலை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வர்ணிகா வந்தாள். ரயிலைப் பார்த்ததும் கண் விரிந்தது, நான் பார்த்தேன். கை நீட்டினாள். "தொடாத கண்ணு, கழண்டுக்கும். தள்ளி உக்காந்து பாரு" என்று சொல்லிவிட்டுச் சாவி கொடுத்து விட்டேன்.

மூன்று விரற்கடை நகர்ந்தது. ஒரு முனகல். நின்றுவிட்டது.

மறுபடி சாவி கொடுத்தேன். அசையவே இல்லை. எஞ்சினைத் தட்டினேன், தள்ளினேன். "நேத்து ஓடுச்சு, சத்தியமா ஓடுச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. சாவியை இறுக்கித் திருகினேன், மேசை ஆடியது. வர்ணிகா பாயின் மூலைக்கு நகர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்படி உட்காருவது புதிதில்லை, வீட்டிலும் நானும் தனபாலும் பேச ஆரம்பித்தால் சோபா மூலையில் அப்படித்தான் உட்காருவாள்.

"கலாமணி, கைய எடுங்க. கொஞ்சம் உக்காருங்க," என்றார் மேடம். உட்கார்ந்தேன்.

போகும்போது பிள்ளை சொல்லிவிட்டுப் போனாள். "நான்தான் சொன்னேன்ல."

வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல், தரையில் வைத்துச் சாவி கொடுத்தேன். அடுப்படியிலிருந்து வாசல் வரை ஜம்மென்று ஓடியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டில் ஓடுகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

மேசை சாய்வோ என்று பலகையை மேடும் பள்ளமுமாக வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது. ஸ்கூட்டர் டிக்கியில் குலுங்கியதால் இருக்குமோ என்று டிக்கியில் வைத்து ரிங் ரோடு வரை போய் வந்தேன். ஓடுகிறது. வெயிலில் வைத்தேன், மழைச்சாரலில் வைத்தேன். எதற்கும் அசையாமல் ஓடுகிறது. அந்த அறைதான் எனக்கு ராசியில்லை. ஆனால் ராசி பார்த்து விட்டுவிட முடியாது. இன்னும் இரண்டே சனிக்கிழமைதான் பாக்கி. சும்மா ஓடுகிற ரயிலைப் பிரித்து, ஒவ்வொரு அச்சாகத் துடைத்து, மறுபடி கோத்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.

சரோஜினியக்கா இன்று என்னைத் திட்டினார். "நீங்க கத்தறதுலதானுங்க எனக்கு பயமே வருது. வண்டி மேல எனக்கு பயமில்லீங்க." இத்தனை நாள் வாயைத் திறக்காதவர். கொஞ்சம் மெதுவாகப் பேசிப் பார்த்தேன். மைதானத்தின் அந்தக் கடைசி வரை காலை ஊன்றாமல் போய்விட்டார். தற்செயலாக இருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

இன்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

போனேன். மேசை மேல் வைத்தேன். வர்ணிகா வந்தாள். சாவி கொடுத்தேன். ரயில் அதே இடத்தில் அதே மாதிரி முனகி நின்றது.

எனக்குச் சத்தம் போடக்கூடத் தெம்பில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து அவள் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து வந்தாள். எஞ்சினைக் கவிழ்த்தாள். தொடாதே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். அச்சில் விரலை வைத்து எடுத்தாள். விரல் நுனியில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ. முகர்ந்து பார்த்தாள்.

"இது தேங்காண்ணெய்."

"ஆமா கண்ணு."

"ஏசில உறைஞ்சிருச்சு. மார்கழி மாசம் எங்க வீட்டு பாட்டில்லயும் இப்படித்தான் ஆகும். அப்பா வெயில்ல வெச்சு உருக்கித்தான் தலைக்கு வெப்பாரு. உருகற வரைக்கும் நானும் அப்பாவும் மாடில உக்காந்திருப்போம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மார்கழிப் பனியில் எண்ணெய் உறையும் என்று தெரியாத வீடு எங்கள் ஊரில் உண்டா? செக்குக்காரனின் தங்கை நான்! ஆவணி மாதத்தில், வெக்கையில் வேகிற ஊரில், ஓர் அறைக்குள் மட்டும் மார்கழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாரம் முழுக்க எண்ணெய் மேல் எண்ணெயாக விட்டு நானே அதன் காலைக் கட்டியிருக்கிறேன்.

"வெயில்ல வெச்சா ஓடுமா?" என்று அவளிடமே கேட்டேன்.

"ஓடும்."

அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. மெர்லின் மேடம் எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "நானும் கூட வர்றேன். வராண்டா வரைக்கும்தான்," என்றார்.

வராண்டாப் படியில் வெயில் அடித்தது. ரயிலை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். உருக வேண்டுமே, அதுவரை வேறு வேலை இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. கறுப்புக் கோட்டு போட்டவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். தூரத்தில் வேப்பமரத்தடியிலிருந்து தனபால் எழுந்து நின்று பார்த்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"கணக்குல நாப்பத்தாறு வாங்கினேன்," என்றாள் வர்ணிகா திடீரென்று, ரயிலைப் பார்த்துக்கொண்டே.

"அம்பதுக்கா?"

"ம்."

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அச்சைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். சாவியை நான் அவள் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் திருகி, வராண்டாவில் விட்டாள். கடகடவென்று கிளம்பியது. வழியில் நின்ற வக்கீல்கள் காலைத் தூக்கி வழி விட்டார்கள். அவள் கூடவே குனிந்தபடி நடந்தாள். வராண்டாவின் அந்தக் கோடியில் போய் நின்றது.

கோடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது திரும்பி வருமா?"

"நாமதான் கண்ணு எடுத்துட்டு வரோணும்."

"அதுவா வரோணும்," என்றாள். மணி பன்னிரண்டு, எங்கள் நேரம் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

தேங்காய் எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் வாங்கி விட்டேன். பிரிட்ஜுக்குள் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து ஓட்டினேன். ஓடுகிறது. இனி எந்த ஏசியும் இதை ஒன்றும் செய்ய முடியாது.

செப்டம்பர் 4, வியாழன்

திரும்பி வர வேண்டுமென்றால் வட்டம் அடிக்க வேண்டும். முன் சக்கரத்தைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பிப் பூட்டினேன். பாதி வட்டத்தில் இழுத்துக்கொண்டு நின்றது. வளைவில் வெளிச் சக்கரத்துக்கு அதிக தூரம், உள் சக்கரத்துக்குக் குறைவு. இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருந்தால் ஒன்றையொன்று இழுக்கும். பின் அச்சில் ஒரு சக்கரத்தை மட்டும் தளர்த்திவிட்டேன். ஹாலில் முழு வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்கு வந்து என் கால் விரலைத் தொட்டது. கைதட்டினேன், தனியாக.

பிறகு முன் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டி, பின் சக்கரத்தை இறுக்கி, பழையபடி நேராக ஓடுகிற ரயிலாக்கிப் பையில் வைத்தேன். உதிரிக் கட்டைகளைத் தனியாக ஒரு கவரில் போட்டேன். நேரமில்லை, வளைவைச் செய்து முடிக்கவில்லை என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 6, சனி

கடைசிச் சனிக்கிழமை.

"வளையறதுக்கு எனக்கு நேரமில்லாமப் போச்சு. நீ பாக்கறியா?" என்று கவரை அவள் பக்கம் தள்ளினேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறு வழி தெரியவில்லை.

முன் சக்கரத்தைத் திருப்ப வேண்டும் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். நான் செய்த மாதிரி இல்லை. எஞ்சின் மூக்குக்கு அடியில் ஒற்றைக் கட்டையில் சக்கரத்தை மாட்டினாள், மாட்டு வண்டி நுகத்தடி மாதிரி. கழன்று விழுந்துவிடும் என்று நினைத்தேன், விழவில்லை. ஓட்டினாள். பாதி வட்டத்தில் இழுத்து நின்றது. எனக்குக் காரணம் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பெட்டியைக் கழற்றினாள், மாட்டினாள். சக்கரத்தை விரலால் சுற்றினாள். மணி பதினொன்றரை ஆகிவிட்டது.

"கண்ணு, அந்தப் பின் சக்கரம்..." என்று தொடங்கிவிட்டேன்.

"நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன். நீ என்றதற்காக அன்றைக்கு முழுக்கச் சும்மா இருக்கச் சொன்னாலும் இருந்திருப்பேன்.

கடைசியில் அவளே சக்கரத்தைத் தளர்த்தினாள். சாவி கொடுத்து விட்டாள். ரயில் பாயின் விளிம்பைச் சுற்றி, மெர்லின் மேடத்தின் செருப்பைச் சுற்றி, வாளியைச் சுற்றி வந்தது. புறப்பட்ட இடத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. அவள் இன்னும் ரெண்டு திருகு கூட்டி மறுபடி விட்டாள். தரையில் உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருந்தாள். ரயில் வந்து அவள் கையில் முட்டி நின்றது.

"வந்துருச்சு," என்றாள். சிரித்தாள். முன் பல் ஒன்று விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிறது, அது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பிள்ளையை வைத்திருக்கிறவர் சம்மதம் இல்லாமல் எந்தச் சாமானையும் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதும் விதி. ரயிலைப் பையில் வைத்தேன். அவள் சாவியை மட்டும் உருவிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரயில் அலமாரி மேல் இருக்கிறது. சாவி இல்லாமல் ஓட்ட முடியாது. தினமும் தூசி தட்டுகிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஜட்ஜ் அம்மா வர்ணிகாவைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டார். நானும் தனபாலும் எதிரெதிர் பெஞ்சில். கதவு சாத்தியிருந்தது. 

"அந்தச் சாவியத் தலைமாட்டுல வெச்சுட்டுத்தான் தூங்கறா," என்றார் தனபால், சுவரைப் பார்த்து. பத்து, பதினோரு மாதத்தில் வக்கீல் இல்லாமல் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு.

"சடை நல்லா இருக்குதுங்க," என்றேன். இன்றைக்கு வகிடு நேராகத்தான் இருந்தது.

அப்புறம் எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளை என்ன சொன்னாள் என்று ஜட்ஜ் அம்மா சொல்லவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ரயில் பத்திரமா இருக்கா?"

"இருக்குங்கம்மா."

சனிக்கிழமை காலையிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரை என்னோடு இருக்கலாம் என்று எழுதினார்.

செப்டம்பர் 27, சனி

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனபால் வீட்டு வாசலுக்குப் போனேன். அந்தக் கேட்டில் கை வைத்து எத்தனை நாளாகிவிட்டது. வர்ணிகா முதுகில் ஸ்கூல் பை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சாவி. தனபால் வாசலில் நின்றார், கையில் அவளுடைய தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு கொடுக்க மறந்து. அவள் ஓடிப்போய் பாட்டிலை வாங்கினாள். அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டு நாள்ல வந்துடறேன்ப்பா."

அந்த வாசல். அதே வார்த்தை. அன்றைக்கு நான் எங்கே நின்றேன், இவள் எங்கே நின்றாள், எந்தப் பாவாடை கட்டியிருந்தாள், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்னேன். சொல்லத்தான் சொன்னேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்யக் கை வரவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு அழுதேன். பின்னால் உட்கார்ந்தவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "போலாமா?" என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

சனியும் ஞாயிறும் ஹால் முழுக்க ரயில்வே. கட்டைப் பெட்டியில் ஒன்று மிச்சமில்லை. கட்டில் காலடியில் ஒரு ஸ்டேஷன், பிரிட்ஜ் பக்கத்தில் ஒன்று. தோசை கருகியது. காலண்டர் நகர்ந்து சுவரில் அந்த இடம் தெரிந்ததும் "இதென்ன?" என்று கேட்டாள். "கோவத்துல ரயில எறிஞ்சேன்" என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று மத்தியானம் மூன்று மணியிலிருந்தே எனக்குப் பரபரப்பு. ஆறு மணி என்றால் ஆறு மணி. அவள் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்றாள். மனசுக்குள் நூறு ரவுண்டு ஓடட்டும் என்றிருந்தது. பையை எடுத்து முதுகில் மாட்டிவிட்டேன். வழியில் லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தான். வண்டியைத் திருப்பிச் சந்து சந்தாக நுழைந்து போனேன். வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு பயந்து ஓட்டியதில்லை. ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தனபால் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றோம். தனபால் வாசலிலேயேதான் நின்றிருந்தார்.

வர்ணிகா இறங்கினாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்த கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். சடையில் சிக்கியது, நான் எடுத்துவிட்டேன், விலகவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி மூடினாள்.

"நீயே வெச்சுக்க. தொலைச்சுடாத. அடுத்த தடவ வர்றப்ப வேணும்."

இப்போது அலமாரியில் ரயில் இருக்கிறது, பக்கத்தில் சாவி இருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாம்தான். அவள் வரட்டும். நாளைக்குக் காலையில் சரோஜினியக்காவுக்கு எட்டுப் போடப் பழக்க வேண்டும், சீக்கிரம் எழ வேண்டும்.